வருகின்றவர்க்கு எந்த ஊரைக் காட்டுகின்றோம்?

விருந்தோம்பலுக்கென்று தனியோர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவப் பெருந்தகையின் வழிவந்தோம் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். சோறிடுவதில் நாம் குறைவைப்பதில்லை என்பதும் உண்மையே. ஆனால் விருந்து என்பது இலையோடு முடிந்துவிடும் ஒன்றன்று. உண்டு முடித்தவரை வெளியே அழைத்துச் சென்று, "இதுதான் எங்கள் ஊர்" என்று கைநீட்டிக் காட்டுகின்றோமே, அந்தக் கைநீட்டலிலும் விருந்தோம்பலின் ஒரு பாதி அடங்கியுள்ளது. புதுவைத் தமிழன் பிறழ்ந்து நிற்பது அந்தப் பாதியில்தான் என்பதே யான் இங்கு எழுத வந்த செய்தி.

மூலக்குளத்தில் குடியிருப்பவன் யான். விழுப்புரத்திலிருந்து புதுவைக்குள் நுழையும் பெருஞ்சாலை எங்கள் ஊரை ஊடறுத்துச் செல்கின்றது. காரிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்குமேல் அச்சாலையைக் கடப்பது அரிது. வெளியூர் எண் தாங்கிய சிற்றுந்துகளும் சுற்றுலாப் பேருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக விரைகின்றன. அவற்றுள் ஒன்றேனும் எங்கள் பக்கத்தில் நின்று நான் கண்டதில்லை. எல்லாம் கடற்கரை நோக்கியே போகின்றன. அங்கே மஞ்சட்சுவர் ஒன்றன்முன் நின்று தன்படம் எடுத்துக்கொண்டு, பிரெஞ்சுப் பெயர் பூண்ட உணவகம் ஒன்றிற் குளம்பி அருந்திவிட்டு, அந்திக் கடலையும் பார்த்துவிட்டால் 'புதுச்சேரியைப் பார்த்தாயிற்று'. மாலையில் அதே வண்டிகள் அதே சாலை வழியே திரும்புகின்றன.

வருகின்றவரை நான் குறை சொல்லேன். அவர்க்கு எது காட்டப்பட்டதோ அதைக் காண்கின்றார். காட்டுகின்றவர் யார்? நம்மவர். விளம்பரத் தாள்களிலும் வழிகாட்டிப் பலகைகளிலும் விடுதிகளின் முகப்பிலும் 'ஒயிட் டவுன்' என்று கூசாமல் எழுதிவைத்திருப்பவர் நம்மவர். அச்சொல்லின் பிறப்பை எண்ணிப் பார்த்தவர் எத்துணைப் பேர்?

பிரெஞ்சு வணிகக் குழுமத்தார் இங்கு வந்து காலூன்றியது 1674ஆம் ஆண்டு. இன்று 'பிரெஞ்சு அழகு' என்று வியக்கப்படும் நேர்நேரான தெருவமைப்பே 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்துவைத்திருந்த ஒல்லாந்தர் வரைந்த திட்டத்தினின்று வளர்ந்தது. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765இல் மீண்டும் பிரெஞ்சியர் கைக்கு வந்தபின் எழுப்பப்பட்டவையே இன்றுள்ள பழங்கட்டடங்களுள் மிகப் பல. சுண்ணாம்பு அரைத்தவனும் செங்கல் சுமந்தவளும் தேக்கு உத்தரம் ஏற்றியவனும் யாவர் என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. கட்டி முடித்தபின், நடுவே ஓடிய வாய்க்காலை எல்லையாக வைத்துக் கடலோரத்தை வெள்ளைப் பட்டணம் என்றும், மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதியைக் கருப்புப் பட்டணம் என்றும் அவர்கள் பெயரிட்டனர். தோலின் நிறத்தை வைத்து ஊரைக் கூறுபோட்ட பெயர் அது. இட்டவன் 1954இல் கப்பலேறிவிட்டான். அவனிட்ட பெயரைத் துடைத்து மெருகேற்றி விலைபோட்டு விற்பவர், கருப்புப் பட்டணத்திற் பிறந்தவருடைய பேரப்பிள்ளைகள்! இதைவிட நகைத்தற்குரியது வேறொன்று உண்டோ?

"அதனால் உனக்கென்ன இழப்பு? வருபவர் பணம் தருகின்றார், நம் பிள்ளைகள் பிழைக்கின்றனர்" என்பார் உளர். பிழைப்பை நான் எள்ளி நகையாடமாட்டேன். வயிற்றின் முன்னே வீறு பேசுவது நேர்மையன்று. ஆனால் இழப்பு வேறிடத்தில் நேர்கின்றது. சில ஆண்டுகட்குமுன் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு 'எங்கள் ஊர்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்தேன். வில்லியனூர், அரியூர், ஒதியம்பட்டு முதலான ஊர்களிலிருந்து மிதிவண்டியிலும் பேருந்திலும் வரும் பிள்ளைகள் அவர்கள். பெரும்பாலோர் கடற்கரையையும் மஞ்சட்சுவரையும் எழுதியிருந்தனர். நாள்தோறும் ஏரிக்கரை மீது பள்ளிக்கு வரும் பிள்ளையின் கட்டுரையில் ஏரி இல்லை. தேரோடும் தெருவில் வீடுள்ள பிள்ளையின் கட்டுரையில் தேர் இல்லை. பிறர்க்குக் காட்டாத ஊரை நம் பிள்ளைகளும் காண்பதில்லை என்பதை அன்றுதான் கண்கூடாகக் கண்டேன். ஊரை விற்பதற்காக நாம் எழுதிய விளம்பரத்தை நம் பிள்ளைகளே உண்மையென நம்பிவிட்டனர்.

ஆகலின், ஒருநாள் விருந்தினர்க்குப் புதுவையைக் காட்டுவதாயின், மேற்கிலிருந்து தொடங்குக என்பேன். கடற்கரை எங்கும் ஓடிப்போய்விடாது. அது மாலைக்கே உரியது.

எங்கள் மூலக்குளத்திற்கு அண்மையிலேயே முத்திரையர்பாளையம் இருக்கின்றது. பாரதி பூங்கா நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்தைப் படமெடுக்காத விருந்தினர் இல்லை. அதுவே புதுச்சேரி அரசின் அடையாளப் பொறியும் ஆகும். ஆனால் அம்மண்டபம் எதற்காக எழுந்தது என்று கேட்டால் விடையிறுப்போர் சிலரே. வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது: ஆயி என்னும் ஆடல்மகளின் மாளிகை, வழியே சென்ற மன்னன் கண்ணுக்குக் கோயில்போல் தோன்ற, அவன் கைகூப்பினான். உண்மை அறிந்ததும் சினந்து அதனை இடித்துத் தள்ளுமாறு ஆணையிட்டான். அவளோ, தானே இடித்துவிடுவதாக இசைவு பெற்று, இடித்த இடத்தில் ஊரார்க்குக் குளம் ஒன்று வெட்டுவித்தாள். மன்னன் கிருட்டிணதேவராயன் என்பது பெருவழக்கு. பன்னூறு ஆண்டு கழித்துக் கடலோர நகர்க்கு நல்ல குடிநீர் இல்லாமற்போக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்தே நீர் கொண்டுசெல்லப்பட்டது. அதன் நினைவாக எழுந்ததே அம்மண்டபம்.

கதையில் எத்துணை வரலாறு, எத்துணைக் கற்பனை என்று ஆய்வார் ஆய்க. நான் சுட்டுவது வேறு. சிற்றூரின் நீரை நகர் குடித்தது. நினைவுக் கட்டடம் நகரில் நின்றது. நீர் தந்த ஊரின் பெயர் மறைந்தது. மண்டபத்தைக் காட்டுவார் நீரூற்றையும் காட்டவேண்டாவா? காலை ஏழு மணிக்கு விருந்தினரை முத்திரையர்பாளையத்தில் நிறுத்திவிட்டு, அதே நாள் மாலையில் மண்டபத்தின் முன் நிறுத்துங்கள். எதுவும் விளக்கவேண்டியதில்லை, அவர்களே கேட்பார்கள்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் நீரைக் கொணரும் பங்காரு வாய்க்காலைப் பற்றியும் இத்தகையதொரு கதை உண்டு. பங்காரி, சிங்காரி என்னும் உடன்பிறந்தார் இருவர், அவர்களும் ஆடல்மகளிரே, தம் பொருளைக் கொட்டி வெட்டிய வாய்க்கால் அது என்பர். (பங்காரு என்பது தெலுங்கிற் பொன்னைக் குறிக்கும் சொல். பெயர் நமதன்று என்பதற்காக நீரை வேண்டா என்போமா?) குமுகாயம் இழித்துப் பேசிய பெண்டிர் மூவரே இவ்வட்டாரத்தின் நீர்நிலைக் கதைகளில் நிற்கின்றனர். அரசர் பெயர்கள் கல்வெட்டில் கிடக்கின்றன. இவர்கள் பெயர் உழவர் வாயில் வாழ்கின்றது.

புதுவை வட்டாரத்திற்கு ஏரிகள் 84 என்பது கணக்கு. அவற்றுள் மிகப் பெரியது ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரி வில்லியனூர்க்கு வடக்கே தமிழ்நாட்டு எல்லையிலும் புதுவை எல்லையிலுமாகப் படுத்துக் கிடக்கின்றது. சங்கராபரணி ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் கொணர்ந்த அமைப்பை நின்று பார்த்தாற் பழந்தமிழரின் நீரறிவு விளங்கும். 2008இல் புதுவை அரசு அதன் தன் பகுதியைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தது. ஏரியைப் பார்த்துவிட்டு வந்தவர்க்கு நான் ஒன்றைச் சொல்வதுண்டு: "நீங்கள் கடற்கரையிற் பார்க்கப்போகும் நகர் இருநூற்றைம்பது ஆண்டுப் பழமை, உழவன் மடை திறக்கும் இவ்வாழ்வோ அதனினும் நெடியது."

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் உள்ளது. ஊர்ப்பெயர் வில்வநல்லூர் என்பதன் மரூஉ என்பர். வைகாசித் தேர்த்திருவிழாவிற் பிரெஞ்சு ஆளுநரே வடம் பிடித்துத் தேரிழுத்தார். அவ்வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநரால் தொடர்கின்றது. இதைப் பெருமையாகச் சொல்வார் பலர். எனக்கோ இதில் இரண்டு எண்ணங்கள் உண்டு. ஆள வந்தவனையும் நம் தெருவில், நம் வடத்தில் கைவைக்கச் செய்த ஊர் என்பது ஒன்று. ஆள வந்தவன் கைவைத்தாலன்றித் தேருக்குச் சிறப்பில்லை என்று நம்பிவிட்ட ஊர் என்பது மற்றொன்று. எது சரி என்பதை விருந்தினரே முடிவுசெய்யட்டும். கோயிலை விட்டுச் சற்றே நடந்தால், சுடுமண் பாவை வனையும் குயவர் பட்டறைகள் உண்டு. இக்கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. 2020இல் இவ்வூர்க் கைவினைஞர் முனுசாமி அவர்களுக்குத் தாமரைத்திரு விருதும் வந்தது. கடற்கரைக் கடையில் வடநாட்டுப் பளிங்குப் பொம்மை வாங்கிச் செல்லும் விருந்தினர், இங்கே மண் பிசையும் கையைப் பார்த்து, அந்தக் கையிலிருந்தே ஒரு குதிரையை வாங்கிச் செல்லலாம்.

வில்லியனூரினின்று மிகத் தொலைவின்றிக் கீழூர் என்னும் சிற்றூர் உள்ளது. இந்நாட்டு வரலாற்றுப் பொத்தகங்களில் அரைவரி இடமும் பெறாத ஊர். 1954 அத்தோபர் 18ஆம் நாள், புதுவை, காரைக்கால் மக்கள் சார்பாளர் 178 பேர் இங்குக் கூடிப் பிரெஞ்சு ஆட்சி வேண்டுமா, இந்திய ஒன்றியத்தோடு இணைவதா என்று ஒப்போலை இட்டனர். இணைவோம் என்றவர் 170. வேண்டா என்றவர் 8. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகத்து 16. ஒரு குடியேற்ற ஆட்சி முடிவுக்கு வந்த இடம் நெல்வயல்கட்கு நடுவே ஒரு நினைவிடமாக நிற்கின்றது. ஆண்டுக்கொரு நாள் கொடியேற்றுகின்றனர். மற்ற நாள்களில் ஆடு மேய்க்கும் சிறுவரையன்றி அங்கு நான் எவரையும் கண்டிலேன். பிரெஞ்சியர் வந்த கதையைச் சொல்ல நூறு பலகை; அவர் போன கதையைச் சொல்ல வழிகாட்டும் பலகை ஒன்றையேனும் தேடவேண்டியுள்ளது.

இனிப் பாகூர். இங்கேதான் நம் இயக்கத்தார்க்கு உறுத்தும் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாகூர்ச் செப்பேடு பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டது, ஒன்பதாம் நூற்றாண்டினது. வாகூரில் இருந்த கல்விக்கழகம் ஒன்றுக்கு மூன்று ஊர்களைக் கொடையாக்கிய செய்தி அதில் உள்ளது. திருபுவனைக் கோயிற் கல்வெட்டோ 1048ஆம் ஆண்டில் இராசாதிராச சோழன் காலத்தில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்த கல்லூரியைப் பற்றிப் பேசுகின்றது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் நம் வயல்நடுவே இத்துணைப் பெரிய பள்ளிகள்! விருந்தினர்க்குச் சொன்னால் வியப்பர்; நம் நெஞ்சும் நிமிரும்.

ஆனால் அங்குக் கற்பிக்கப்பட்டது எது? வேதமும் வடமொழி நூல்களுமே தலைமையாகக் கற்பிக்கப்பட்டன. நெல் விளைத்துக் கொடுத்தவன் தமிழன். அந்நெல்லை உண்டு ஓதப்பட்டது வேற்றுமொழி. இதனை மறைத்துவிட்டுத் 'தமிழர் பல்கலைக்கழகம்' என்று மார்தட்டும் சிலரை மேடைகளிற் கேட்டிருக்கின்றேன். அஃது அறமன்று. மறைப்பதனால் தமிழ் உயராது. பிரெஞ்சியன் வந்தபின்தான் பிறமொழிக்குப் படியளந்தோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞர்க்கு, அப்பழக்கம் அதற்கும் எண்ணூறு ஆண்டு முந்தியது என்பது தெரியட்டும். உள்ளதை உள்ளவாறு காட்டும் ஊர்தான் தன்னை மதிக்கும் ஊர்.

அந்தப் பாகூர்க் கொம்யூனிலேயே சேலியமேடு இருக்கின்றது. பாவலர் வாணிதாசன் வாழ்ந்த ஊர். 1915இல் வில்லியனூரிற் பிறந்து, பாவேந்தரிடம் தமிழ் கற்று, பள்ளியாசிரியராகவே வாழ்ந்து 1974இல் மறைந்தார். 'தமிழச்சி', 'கொடிமுல்லை' ஆகியன இவர் பாடியவை. வயலையும் வானையும் இவர்போற் பாடியவர் இந்நூற்றாண்டில் மிகச் சிலர். சேலியமேட்டு வரப்பில் நின்றுகொண்டு அவர் பாடல் ஒன்றைப் படித்துக் காட்டினால் அதைவிட வேறென்ன வழிகாட்டி வேண்டும்? என்னைக் கேட்டால், ஒருநாள் சுற்றில் மற்றெதை விட்டாலும் இதனை விடமாட்டேன்.

நண்பகல் உணவை எங்கேனும் ஒரு வீட்டுத் திண்ணையில் முடித்துக்கொண்டு அரிக்கமேட்டுக்குச் செல்லுதல் நன்று. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், மாவும் தென்னையும் சூழ்ந்த மேடு. இடிந்த சுவர் ஒன்று நிற்கும். அது பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறித்தவக் குருமார் இல்லத்தினது. அதைக் கண்டு, "இதுதானா இரண்டாயிரம் ஆண்டுப் பழமை?" என்று ஏமாந்து திரும்புவோர் பலர். காண்பதற்கு அங்கு ஒன்றுமில்லை; அறிவதற்கோ அளவில்லை. எனவே சொல்லத் தெரிந்தவர் ஒருவர் உடன்போதல் வேண்டும்.

1945இல் மார்த்திமர் வீலர் இங்கு அகழ்ந்தார். மத்தியத்தரைக் கடலகத்து மதுச்சாடிகளின் உடைசல்களும், இத்தாலிய நாட்டுச் செம்மட்கலங்களும் கிடைத்தன. அம்மட்கலங்களின் காலம் அங்கே துல்லியமாகத் தெரியும். எனவே அவற்றோடு சேர்ந்து கிடைத்த நம் நாட்டு மட்கலங்கட்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியல் முழுமைக்கும் காலக்கணக்கின் முளைக்குச்சி அரிக்கமேட்டில்தான் அடிக்கப்பட்டது. கிரேக்கர் எழுதிவைத்த 'பொதுகே' என்னும் துறைமுகம் இதுவே என்று அறிஞர் கொள்கின்றனர்.

ஆனால் வீலரின் கண்ணுக்கு இஃது உரோமரின் வணிக நிலையமாகத் தெரிந்தது. உரோமன் வந்தான், ஊர் எழுந்தது என்பது போன்றதோர் எண்ணம் நெடுநாள் நிலவியது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழுவினர் மீண்டும் அகழ்ந்தபோது, உரோமக் கலங்கள் வருவதற்கு முன்னரே இங்கு மக்கள் குடியிருந்து தொழில் நடத்திவந்தனர் என்பது வெளிப்பட்டது. கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்து துளையிட்ட கைகள் இவ்வூர்க் கைகள். தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. வணிகன் வந்தது ஊர் இருந்தமையால். அவன் வந்தமையால் ஊர் பிறக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டுக் கடற்கரை நகரை எண்ணிப் பாருங்கள். 'பிரெஞ்சியன் வந்தான், புதுச்சேரி பிறந்தது' என்று இன்று நாம் சொல்லிக்கொடுப்பதும் அதே பிழைப் பார்வையன்றோ? வீலர் பெருமகனார்க்காவது வேறு சான்று அன்று கிட்டவில்லை. நமக்கு?

அரிக்கமேட்டில் கிடைத்தவற்றுள் சில பிரெஞ்சியர் காலத்தில் அனோய் நகரம்வரை சென்றன. சில புதுவை அருங்காட்சியகத்தில் உள்ளன. மேட்டிலோ ஒரு சிறு காட்சிக்கூடமேனும் இல்லை. ஆறு கரையை அரித்துக்கொண்டிருக்கின்றது. கீழடியில் தமிழ்நாட்டரசு 2023இல் அருங்காட்சியகம் எழுப்பியது. அங்குப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாகச் செல்கின்றனர். கீழடிக்கு நெடுநாள் முன்னரே உலகறிந்த அரிக்கமேட்டுக்கு அத்தகைய ஏந்து ஒன்றைக் கேட்கவேண்டியவர் நாமே.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். இரியூனியன் தீவிலிருந்து ஒரு குடும்பத்தார் நண்பர் ஒருவர் வழியாக என்னிடம் வந்தனர். முதற்பெயர் பிரெஞ்சு, குடும்பப்பெயர் தமிழ், எழுத்தெல்லாம் சிதைந்து. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்கட்கு ஆள் வேண்டி, புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தமிழரைக் கொண்டுபோயினர். 1882இல் ஆங்கில அரசு தடுக்கும்வரை அது நடந்தது. மொரீசியசுத் தீவுக்கோ அதற்கும் நூறாண்டு முன்னரே, இலபூர்தொனே ஆளுநராயிருந்த காலத்தில், போர்ட்லூயி நகரைக் கட்டப் புதுவைத் தமிழ்க் கைவினைஞர் சென்றனர். என்னிடம் வந்தவர்களின் பாட்டனார்க்குப் பாட்டனார் அவ்வாறு தோட்டத்துக்குப் போனவர். அவர்கட்குத் தமிழ் தெரியாது. முதல்நாள் அவர்களைச் சுற்றுலா வழிகாட்டி ஒருவர் கடற்கரைத் தெருக்களில் அழைத்துச் சென்று, "உங்கள் நாடு போலவே இருக்கின்றதல்லவா?" என்று கேட்டாராம்! அக்குடும்பத்து மூத்த அம்மையார் என்னிடம் மொழிபெயர்ப்பார் ஒருவர் வாயிலாகச் சொன்னது இது: "எங்கள் தீவில் இத்தகைய தெருக்கள் நிறைய உள்ளன. நான் பார்க்க வந்தது, எங்கள் ஆள் எந்த வயலை விட்டுப் போனான் என்பதை."

எந்த வயல் என்று எவரால் சொல்லமுடியும்? ஆயினும் பாகூர் ஏரிக்கரையில் அவரை நிறுத்தினேன். நடவு நடந்துகொண்டிருந்தது. நட்ட பெண்டிருள் ஒருவர் கரையேறி வந்து, "யார் வீட்டு ஆளுங்க, ஆத்தா?" என்று கேட்டார். அவ்வம்மையார்க்கு அச்சொற்களுள் ஒன்றும் விளங்கவில்லை. விளக்கியபோது அவர் விடை சொல்ல இயலாமல் நின்றார். ஏறத்தாழ மூவாயிரம் மைல் பறந்து வருவோர்க்கு நாம் கொடுக்கவேண்டியது குளம்பியும் மஞ்சட்சுவருமா என்பதை அன்பர்கள் எண்ணுக.

மாலை நகர்க்குள் நுழையலாம். நுழையும்போதும் வாய்க்காலுக்கு மேற்கிலேயே முதலில் நிற்க. ஆனந்தரங்கர் மாளிகை உள்ளது. துய்ப்ளேயின் துபாசியான அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அக்காலத் தமிழ்ப் பேச்சும் கடைவிலையும் அரண்மனைச் சூதும் ஒருங்கே கிடக்கும் கருவூலம். வடசொல்லும் பாரசீகச் சொல்லும் மண்டிய நடை, நம்மவர் முகஞ்சுளிப்பர். சுளிக்கட்டும், ஆயினும் படிக்கட்டும். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் துய்ப்ளே காலத்தில் இடிக்கப்பட்டதை நெஞ்சு பதைக்க அவர் எழுதிவைத்திராவிடின் நமக்கு யார் சொல்லியிருப்பர்? தமிழில் எழுதப்பட்ட அந்நூல் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்திற் பன்னிரண்டு மடலங்களாக வெளிவந்தது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது 1948இல்தான். தன் எழுத்தைத் தானே படிக்க இருபது ஆண்டு காத்திருந்த இனம் நாம்!

பெருமாள் கோயில் தெருவில் பாவேந்தர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக உள்ளது. 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியர் பணி பார்த்துக்கொண்டே அத்துணையும் பாடினார் என்பதை நினைக்கும்போது, சுண்ணக்கட்டி பிடித்த என் கைக்கும் ஒரு வீறு வரும். ஆலைத் தொழிலாளரையும் மறவற்க. 1936 சூலை 30ஆம் நாள் துமுக்கிச் சூட்டில் மாண்ட பன்னிருவரின் குருதியால் அடுத்த ஆண்டே எட்டு மணிநேர வேலைச் சட்டம் புதுவைக்கு வந்தது. அந்த ஆலைப் பரம்பரையின் கடைசிப் பெரிய ஆலை 2020இல் மூடப்பட்டுவிட்டது. புகைபோக்கி வெளியிலிருந்தே தெரியும்.

"பிரெஞ்சுப் பகுதியைக் காட்டவே கூடாது" என்பார் நம் தோழருள் சிலர். நான் உடன்படேன். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் நம் சிவனிய ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கிற் காக்கப்படுகின்றன. 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரத்தின் முதல் மடலம் 1984இல் அங்கிருந்தே வெளிவந்தது. நம்மவர் ஆற்றிலிட்ட ஏடுகளைப் பிறர் அலமாரியில் வைத்தனர் என்பதைச் சொல்ல நாணினும் சொல்லத்தான் வேண்டும். கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்குத் தூண்களைக் காட்டி, அவை செஞ்சியிலிருந்து வந்தவை என்பதையும் சொல்லுங்கள்.

தெருமுனைகளில் உள்ள நீலப் பலகைகளையும் காட்டுங்கள். பிரெஞ்சோடு தமிழும் அவற்றில் இருக்கும். பிறகு அப்பலகைக்குக் கீழேயுள்ள உணவகத்தின் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தமிழைத் தேடிப்பார்க்கட்டும். தமிழ் இங்கு ஆட்சிமொழி என்று 1965இலேயே சட்டம் செய்தாயிற்று. கடைப்பலகைகளில் தமிழ் கட்டாயம் என்று 2025இல் சட்டமன்றத்தில் முதலமைச்சரே அறிவித்தார். ஆணையை எதிர்பார்த்திருக்கும் கடைக்காரரிடம் நாமே சென்று, "ஐயா, மேலே உள்ள பலகையில் வேற்றாட்சியில் வந்த வழக்கப்படி தமிழ் இருக்கின்றது, கீழே உங்கள் பலகையில் இல்லையே" என்று கைகூப்பிக் கேட்டால் போதும். நான் கேட்ட கடைகளுள் இரண்டில் எழுதிவிட்டனர். ஒன்றில் எழுத்துப்பிழையோடு எழுதினர். அதையும் திருத்திக் கொடுத்தேன்.

இவ்வளவையும் ஒரே நாளில் முடிக்கலாகுமா என்று கேட்பீர்கள். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் முடியும். திருபுவனையை மட்டும் மறுநாளைக்கு வைத்துக்கொள்க. சிற்றூர்ப் பேருந்துகளை நம்பினால் கீழூரிலேயே உச்சிப்பொழுதாகிவிடும். ஆதலின் நால்வர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தல் நலம். மார்கழி, தை ஏற்ற திங்கள்கள். ஊசுட்டேரியில் நீரும் பறவையும் இருக்கும். சித்திரை வெயிலில் வருவோரைப் பாகூர் ஏரிக்கரையில் நிறுத்திவிடாதீர்கள். முத்திரையர்பாளையத்திலேயே இளநீர் வாங்கிக் கொடுத்து, வெயில் தாழும்வரை வில்லியனூர்க் கோயிற் சுற்றுமண்டபத்தில் அமர வையுங்கள்.